உடற்கல்விக்கு ஆசிரியர் தந்த ஆசான்: ஹாரி குரோ பக்

கணக்கைக் கற்பிக்கக் கணக்குக் கற்றவரும், இலக்கணத்தைக் கற்பிக்க இலக்கணம் கற்றவரும் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. விளையாட்டைக் கற்பிக்க மட்டும் திடமான உடலும் உரத்த குரலும் போதும் என்று ஒரு காலம் எண்ணியது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலப் பள்ளிகளில் ‘டிரில் மாஸ்டர்’ என அமர்த்தப்பட்டோர் பலர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அணிவகுக்கவும் ஆணைக்குக் கீழ்ப்படியவும் அவர்கள் கற்றுத்தந்தனர். வளரும் பிள்ளையின் உடலியல்பும் உள்ளத்தியல்பும் அவர்களுக்குப் பயிற்றுவிக்கப்படவில்லை. இக்குறையை நீக்கத் தம் வாழ்நாளையே ஈந்தவர் ஹாரி குரோ பக்.

அவர் 1884-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். 1891-இல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியது அக்கல்லூரியில்தான். உடல், அறிவு, ஆன்மா என்னும் மூன்றும் ஒருங்கே வளர்வதே கல்வி என்னும் கொள்கை அங்கு வேரூன்றியிருந்தது. அக்கொள்கையையே பக் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

1919-இல் சென்னைக்கு வந்தவர், மறு ஆண்டே உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தொடக்கத்தில் அதற்கு இருந்தவை சில கீற்றுக் கொட்டகைகள்; சேர்ந்த மாணவர் ஐவர். தாமே விளையாட்டுகளை நடத்திக் கைதட்டல் பெறுவது அவருக்கு எளிதாயிருந்திருக்கும். ஆயினும் நூறு பிள்ளைகளை ஒருவர் பயிற்றுவிப்பதினும், நூறு பிள்ளைகளைப் பயிற்றுவிக்க வல்ல ஐவரை உருவாக்குவதே நிலைத்த பணி எனத் தெளிந்தார். கிறித்தவ அமைப்பு ஒன்று நடத்திய பள்ளியாயினும் எல்லாச் சமயத்தவரும் அங்கே பயின்றனர். பின்னர் நந்தனத்தில் விரிந்த வளாகம் கண்டு, ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக அது வளர்ந்து, நூறாண்டு கடந்து இன்றும் நடைபெறுகிறது.

பக்கின் பணி வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியுடன் அவரும் சென்றார். மாகாணங்கள்தோறும் விளையாட்டு அமைப்புகள் தோன்ற உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். அவ்வுழைப்பின் பயனாக 1927-இல் தோராப்ஜி டாட்டாவைத் தலைவராகக் கொண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து அவர் எழுதிய நூல், ஆடுகளத்தில் எழும் பூசல்களைத் தீர்க்கும் கைந்நூலாக ஆசிரியர்களுக்குப் பயன்பட்டது. இத்தகைய பணிகளுக்கிடையேயும் தாம் தொடங்கிய பயிற்சிப் பணியை விடாது நடத்தி, 1943-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் மறைந்த பின்னும் அவர் இட்ட வித்து மரமாயிற்று. காரைக்குடி முதலிய ஊர்களில் உடற்கல்விக் கல்லூரிகள் எழுந்தன. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தமிழ்நாட்டில் உடற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே உருவாயிற்று.

இவ்வரலாறு நம் பள்ளத்தாக்கு மாணவர்க்கு வெறும் பழங்கதையன்று. முல்லையாற்றங்கரைப் பழனிசெட்டிபட்டியிலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் மாலைதோறும் பந்தாடும் இளைஞருள், கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக வேண்டும் என விழைவோர் உளர். அவர்கள் நடக்க வேண்டிய வழி நீண்டது. பட்டப் படிப்புக்குப் பின் ஈராண்டு பி.பி.எட்., அதன்பின் ஈராண்டு எம்.பி.எட். முடித்தல் வேண்டும். முதுநிலையில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணும், தகுதித் தேர்வில் வெற்றியோ முனைவர் பட்டமோ வேண்டும். போட்டிகளில் பங்கேற்ற சான்றும் கேட்கப்படும். அவற்றோடு, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, 30 வயது வரையுள்ள ஆடவர் 12 நிமிடங்களில் 1,800 மீட்டரும், மகளிர் 8 நிமிடங்களில் 1,000 மீட்டரும் ஓடிக் காட்டுதல் வேண்டும். வயது ஏற ஏறத் தொலைவு குறையும்.

ஏட்டுத் தேர்வும் ஓட்டத் தேர்வும் ஒருவருக்கே வைக்கப்படுவதன் பொருள் யாது? கற்றுத்தருபவரிடம் அறிவும் உடலும் ஒருசேரப் பண்பட்டிருத்தல் வேண்டும் என்பதே. பக் கீற்றுக் கொட்டகையில் ஐவருக்குக் கற்பித்த பாடமும் அதுவேயாகும்.

படிப்பு வராதவன் விளையாட்டுக்குப் போகட்டும் என்று இன்றும் சொல்லும் பெற்றோர் உளர். விளையாட்டு ஆசிரியரை விழா நாளில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவராக மட்டும் கருதும் நிறுவனங்களும் உள. நலிந்த பிள்ளையையும் களத்துக்கு அழைத்துவந்து, தோற்றவனுக்கு மனவலிமையும் வென்றவனுக்கு அடக்கமும் புகட்டும் அவ்வாசிரியரை, ஏனைய ஆசிரியர்க்கு நிகராக மதிப்பதே ஹாரி குரோ பக்குக்கு நாம் செலுத்தும் நன்றியாகும். அம்மதிப்புக்குத் தம்மை உரியவராக்கிக் கொள்ளும் பயிற்சியை இன்றே தொடங்குவது மாணவர் கடமையாகும்.