திப்பு சுல்தானும் இரும்பு வாணமும்

திருவிழா இரவில் கோயில் முற்றத்திலிருந்து ஒரு வாணம் சீறி எழுந்தால், மேல்கணக்கு லயத்தாரும் கீழ்க்கணக்கு லயத்தாரும் அதை ஒரே நொடியில் பார்த்துவிடுகிறீர்கள் அல்லவா? குரலும் முரசும் எட்டாத தொலைவுக்கு இருட்டில் சேதி சொல்ல வாணத்தை மிஞ்சியது அன்று வேறில்லை. அதைப் போர்க்கலையாகவே வளர்த்தவர் மைசூர் மன்னர் திப்பு சுல்தான்.

1751-இல் தேவனஹள்ளியில் பிறந்த அவருக்கு, ஆர்க்காட்டில் அடக்கமான திப்பு மஸ்தான் என்னும் இஸ்லாமியப் பெரியாரின் பெயரை இட்டார்கள். தந்தை ஹைதர் அலி. பாட்டனாரோ ஆர்க்காட்டு நவாபின் வாணப்படையில் தலைவராயிருந்தவர். பரம்பரைத் தொழில் என்றே கூறலாம்!

காகிதக் குழலில் மருந்தை அதிகமாகக் கிட்டித்தால் குழலே வெடித்துவிடும். மைசூர்க்காரர் இரும்புக் குழல் செய்தனர். நீளம் ஏறக்குறைய 8 அங்குலம். ஒரு முனை அடைப்பு, மறுமுனையில் துவாரம். வெடிமருந்தை இறுகத் திணித்து, நாலடி மூங்கிலோடு தோல்வாரால் கட்டினர். நெருக்கத்தை இரும்பு தாங்குவதால் புகை வேகமாகப் பீறிட, வாணம் அரை மைலுக்கு மேல் பாய்ந்தது. மூங்கில் இல்லையேல் அது குட்டிக்கரணம் போடும்.

1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததற்கு இவ்வாணங்களே காரணம் என்பர். கர்னல் பெய்லியின் படை அங்கே அழிந்தது.

வீரத்தைப் புகழும் நாம் மற்றதையும் மறைக்கலாகாது. ஆங்கிலேயருக்கு உதவினர் என்று ஐயுற்று, 1784-இல் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கரை ஆயிரக்கணக்கில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சிறைபிடித்து நடத்திச் சென்றார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. வழியில் மாண்டவர் பலர். கட்டாயமாக மதம் மாற்றப்பட்டவர் பலர். திப்பு வீழ்ந்தபின், எஞ்சியோரைத் தேடிச் சேர்க்கப் பிரெஞ்சுக் குருவான துபுவா சுவாமிகள் அங்கு சென்றார்.

1799 ஏப்ரல் 22. ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில் இருக்கிறது. வாணக்காரர் ஆங்கிலேயப் பாளையத்தின் பின்புறம் பதுங்கிச் சென்று, பல வாணங்களை ஒருசேரக் கொளுத்தினர். 6,000 காலாட்படையினரும் பிரெஞ்சு வீரரும் பாய்வதற்கு அதுவே அடையாளம். ஆனால் வாணத்தைத் தன் படை மட்டுமா பார்க்கும்? எதிரியும் பார்ப்பானே! தாக்குதல் முறியடிக்கப்பட்டது. மே 4-ஆம் நாள் கோட்டை விழுந்தது. திப்பு போரிட்டு மாண்டார்.

அவருடைய வாணங்கள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பின்பற்றியே வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளைச் செய்தார். 2018-இல் சிவமொக்கா மாவட்டத்தில் தூர்ந்த கிணறு ஒன்றைத் தோண்டியபோது, மருந்து திணித்தபடியே ஆயிரம் குழல்களுக்கு மேல் கிடைத்தன.