கென்னத் ஆண்டர்சன்

கென்னத் ஆண்டர்சன் (மார்ச் 8, 1910 – ஆகஸ்ட் 30, 1974) தென்னிந்தியக் காடுகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தாளரும் வேட்டைக்காரரும் ஆவார். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்டு வீழ்த்தியதற்காகப் பெயர் பெற்றவர்.

வாழ்க்கை

ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில், தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்து வழிக் குடும்பத்தில் பிறந்தார். பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் பயின்று, அந்நகர வானூர்தித் தொழிற்சாலையில் பணியாற்றினார். அவர் வேட்டைக்குச் சென்ற ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் ஆகியவை அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1965இல் தருமபுரி மாவட்டமும், அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தமையால், அவருடைய நூல்களில் வரும் 'சேலம்' இன்றைய சேலம் அன்று.

துப்பாக்கியும் பின்னுதைப்பும்

அவர் பெரிதும் நம்பியது, ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1895 வகைத் துப்பாக்கி. அதற்குரிய 0.405 தோட்டா 1904இல் வெளிவந்தது. அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்ற துப்பாக்கிகளுள் இவ்வகையும் ஒன்று. இதன் 19.4 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் விரைவில் வெளியேறும்.

உந்தம் அழியாது என்ற விதியைக் கொண்டு பின்னுதைப்பைக் கணக்கிடலாம். துப்பாக்கியின் எடையை 3.8 கிலோ எனக் கொண்டு, குண்டின் உந்தத்தோடு வெடிவளியின் உந்தத்தையும் சேர்த்தால், ஏறத்தாழ 40 ஜூல் கிடைக்கும். அதே எடையில் 0.30-06 தோட்டாவுக்குச் சுமார் 25 ஜூலும், ஜிம் கார்பெட் பயன்படுத்திய 0.275 ரிக்பிக்குச் சுமார் 16 ஜூலுமே வரும்.

ஆயினும் தோள் உணர்வது இவ்வெண்ணை மட்டுமன்று. அக்காலத் துப்பாக்கிகள் பலவற்றின் பின்கட்டை, பிறை போல் வளைந்த குறுகிய எஃகுத் தகட்டில் முடிந்தது. அதே ஆற்றல் சிறு பரப்பில் இறங்குவதால் வலி மிகும். அகன்ற ரப்பர் திண்டு அதனைப் பரப்பி, நேரத்தையும் சற்று நீட்டும். நின்று சுடுபவரின் உடல் உதையோடு பின்னசையும். பரணில் மரத்தில் சாய்ந்திருப்பவருக்கு அவ்வசதி இல்லை.

இது வெறும் வசதி பற்றிய செய்தியன்று. உதைக்கு அஞ்சும் கை, விசையை இழுக்கும் கணத்திலேயே அதிர்ந்து குறி தவறும். குண்டுக் காயத்தோடு தப்பி, வழக்கமான இரையைப் பிடிக்க இயலாத புலி மனிதரைத் தாக்கத் தொடங்கியதும் உண்டு. சுடுபவரின் தோள்வலிக்குக் காட்டோரச் சிற்றூர் உயிரால் விலை கொடுக்க நேரிட்டது.

எழுத்தும் பிற்காலமும்

முதல் நூலான 'நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்' 1954இல் வெளியாயிற்று. பிற்காலத்தில் துப்பாக்கியைவிடப் புகைப்படக் கருவியையே மிகுதியாக நாடிய ஆண்டர்சன், காட்டுயிர்ப் பாதுகாப்பை வலியுறுத்தினார். இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. ஈராண்டுகளுக்குப் பின் அவர் பெங்களூரில் புற்றுநோயால் காலமானார்.