'வல்கனைசிங்' போர்டுக்குப் பின்னால் ஒரு கடனாளி: யார் இந்த சார்லஸ் குட்இயர்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம் போகும் வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். பஞ்சர் கடை போர்டுகளில் 'வல்கனைசிங்' என்ற வார்த்தை கண்ணில் படும். மதுரை - கொல்லம் நெடுஞ்சாலை என்பதால் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. சபரிமலை சீசன் வந்துவிட்டால் வேன், கார் கூட்டம் வேறு. பஞ்சர் கடைக்காரர் சட்டென்று சொல்லும் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒருவரின் மொத்த வாழ்க்கையும் இருக்கிறது.

அவர் பெயர் சார்லஸ் குட்இயர். டயர் கம்பெனி ஓனர்தானே என்று கேட்டால், இல்லை. அந்தக் கம்பெனி தொடங்கியது 1898-ல். அதற்கு 38 வருஷம் முன்பே இவர் இறந்துவிட்டார். அவருடைய நினைவாகப் பெயரை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் கிடையாது.

1800 டிசம்பர் 29-ம் தேதி அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். அப்பாவுக்கு பட்டன், இரும்புச் சாமான் வியாபாரம். மகனும் பிலடெல்பியாவில் ஒரு கடை போட்டார். அது சில வருஷத்தில் திவால். கடனைக் கட்ட முடியாதவர்களை ஜெயிலில் போடும் காலம் அது. குட்இயர் ஒரு தடவை அல்ல, பல தடவை போய் வந்தார்.

1834-ல் நியூயார்க்கில் ஒரு ரப்பர் கடையில், தண்ணீரில் மிதக்க உதவும் ரப்பர் உயிர்காப்புப் பையைப் பார்க்கிறார். அதன் வால்வு சரியில்லை என்று தோன்ற, நல்லதாக ஒன்றைச் செய்து எடுத்துப் போகிறார். கடைக்காரர் சொன்ன பதில் வேறு: வால்வு இருக்கட்டும், ரப்பரே சரியில்லை. வெயில் வந்தால் பிசுபிசுத்து நாறுகிறது, குளிர் வந்தால் பலகை மாதிரி விறைக்கிறது, விற்ற சரக்கெல்லாம் திரும்பி வருகிறது.

அங்கே பிடித்த ரப்பர் பைத்தியம் கடைசிவரை விடவில்லை. முதல் சோதனைகளை ஜெயிலிலேயே செய்தார். மனைவி கிளாரிசாவின் பூரிக்கட்டையை வாங்கி ரப்பரை உருட்டினார். மக்னீசியா கலந்தார், சரிவரவில்லை. நைட்ரிக் அமிலத்தில் முக்கினார், மேல்புறம் மட்டும் நன்றாக ஆனது. அதை நம்பி அரசாங்கத்துக்குத் தபால் பைகள் செய்து கொடுக்க ஆர்டர் எடுத்தார். வெயிலில் பைகள் இளகிவிட்டன. தன் ரப்பருக்குத் தானே விளம்பரமாக, ரப்பர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்த மனிதர் இவர். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

திருப்புமுனை 1839. நதானியேல் ஹேவர்ட் என்பவரிடம் இருந்து கந்தகம் சேர்க்கும் யோசனையை ஏற்கனவே விலைக்கு வாங்கியிருந்தார். வோபர்ன் என்ற ஊரில், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது உருகவில்லை. தோல் மாதிரி கருகியது. கருகிய இடத்துக்குப் பக்கத்தில் வளைந்து கொடுக்கும், ஒட்டாத ரப்பர். அந்தச் சம்பவம் பற்றி நிறைய கதைகள் சொல்கிறார்கள். அது வெறும் தற்செயல் என்பதை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

உடனே ஜெயித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். எத்தனை சூடு, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லையே. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். பால்கோவாவில் பதம்தான் எல்லாம். கொஞ்சம் முன்னால் இறக்கினால் தளதளவென்று இருக்கும், கொஞ்சம் தாண்டினால் அடிப்பிடிக்கும். குட்இயர் அந்தப் பதத்தைத் தேடி ஐந்து வருஷம் அலைந்தார்.

அந்த ஐந்து வருஷம்தான் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைக்கூட விற்றார். 12 பிள்ளைகளில் 6 பேர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். 1840-ல் ஒரு ஆண் குழந்தை இறந்தபோது அடக்கம் செய்யவே கையில் காசில்லை. விடாமுயற்சிக்கு உதாரணமாக இவரைக் காட்டுகிறவர்கள் கிளாரிசாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. அடகு வைத்தது, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வழி பார்த்தது எல்லாம் அந்த அம்மாதான்.

1844 ஜூன் 15-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, எண் 3633. ஆனால் இவருடைய ரப்பர் மாதிரியைப் பார்த்த தாமஸ் ஹான்காக், இங்கிலாந்தில் இவரை முந்திவிட்டார். 'வல்கனைசேஷன்' என்ற பெயரும் ஹான்காக்கின் நண்பர் ஒருவர் வைத்ததுதான். வல்கன் என்றால் ரோமானியர்களின் நெருப்புக் கடவுள். அமெரிக்காவில் 1852-ல் நடந்த பெரிய வழக்கில் குட்இயர் ஜெயித்தார். வக்கீல் டேனியல் வெப்ஸ்டருக்குக் கொடுத்த ஃபீஸ் மட்டும் 15,000 டாலர்!

1855-ல் பாரிஸ் கண்காட்சிக்குக் கடன் வாங்கிச் செலவு செய்தார். அங்கேயும் ஜெயில். பிரெஞ்சு மன்னர் நெப்போலியன் III கொடுத்த விருது அவர் ஜெயிலில் இருந்தபோதுதான் வந்து சேர்ந்தது. 1860 ஜூலை 1-ல் நியூயார்க்கில் இறந்தபோது சுமார் 2 லட்சம் டாலர் கடன் பாக்கி.

சரி, அவர் கண்டுபிடித்தது என்ன? ரப்பர் என்பது நீளநீளமான சங்கிலி மூலக்கூறுகள். சூட்டில் கந்தகம் அந்தச் சங்கிலிகளுக்கு இடையே முடிச்சுப் போடுகிறது. அதனால் ஒருமுறை வெந்த ரப்பர் மறுபடி உருகாது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கிழிந்த பிளாஸ்டிக்கைச் சூடுகாட்டி ஒட்டலாம், ரப்பரை அப்படி ஒட்ட முடியாது. பஞ்சர் கடையில் வேகாத ரப்பரை வைத்து அங்கேயே சூட்டில் வேகவைக்கிறார்கள். இல்லாவிட்டால் உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பேட்ச் போடுகிறார்கள்.

கோவளத்தில் அலைச்சறுக்கு, புதுச்சேரியில் ஸ்கூபா என்று போகிறவர்கள் போடும் வெட்சூட்டுக்கும் இதே கதைதான். அது நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர், 1930-ல் டூபான்ட் கம்பெனியில் உருவானது. கிழிந்தால் வீட்டிலேயே ஒட்டலாம். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுசாகக் காயவைக்க வேண்டும். சைக்கிள் டியூப் சொல்யூஷனை நம்பாமல் நியோபிரீன் பசையே வாங்குங்கள். கிழிசலின் இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, இன்னொரு பூச்சு. தொட்டால் விரலில் ஒட்டாத பக்குவம் வந்த பிறகு இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். அயர்ன் பாக்ஸ் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பெரிய கிழிசல் என்றால் ஒட்டிய பிறகு மேலே இருக்கும் நைலான் துணியில் மட்டும் தையல் போடலாம். ஊசி அடிவரை இறங்கினால் அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் உள்ளே வரும்.

ஒரு கொசுறுத் தகவல். நியோபிரீனை வேகவைக்கப் பொதுவாகக் கந்தகத்தை நம்புவதில்லை. துத்தநாக ஆக்சைடும் மக்னீசியாவும் சேர்க்கிறார்கள். குட்இயர் முதலில் போட்டுப் பார்த்துத் தோற்ற அதே மக்னீசியா.