காக்காவைக் கப்பலேற்றியவர்: யார் இந்த ஜெரால்ட் போர்ட்டல்?

கோழிக்குஞ்சைத் தூக்கும், ஆடு மாட்டின் புண்ணைக் கொத்தும். வேப்பூர் ஆட்டுச்சந்தைக்குக் குட்டி வளர்ப்பவர்களுக்குக் காக்கா தொல்லை புதுசு இல்ல. ஆனா இதே நம்மூர்க் காக்கா கிழக்கு ஆப்பிரிக்காவில் ஓர் அந்நிய ஆக்கிரமிப்புப் பறவை. அதை அங்கே கொண்டுபோனதாகச் சொல்லப்படுபவர்தான் ஜெரால்ட் போர்ட்டல்.

1858-ல் இங்கிலாந்தில் பிறந்த இவர், 1879-ல் பிரிட்டன் தூதரகப் பணியில் சேர்ந்தார். 1887-ல் எத்தியோப்பியப் பேரரசர் நான்காம் யோஹன்னஸிடம் சமாதானத் தூது போனார். சான்சிபார் தீவு 1890-ல் பிரிட்டன் பாதுகாப்பின் கீழ் வந்தது. அடுத்த ஆண்டே அங்கு தலைமைத் தூதர் ஆனார்.

தீவில் குப்பை பெரிய பிரச்சினை. அதைத் தின்று தீர்க்க இந்தியாவிலிருந்து காக்கா வரவழைக்கப்பட்டது. செலவில்லாத துப்புரவு என்பதுதான் கணக்கு.

விளைவைப் பார்க்க போர்ட்டல் உயிரோடு இல்லை. உகாண்டா பயணத்தில் உடன்பிறந்தவரைப் பறிகொடுத்துத் திரும்பியவர், 1894 ஜனவரியில் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். வயது 35தான்.

காக்கா மட்டும் பெருகிக்கொண்டே போனது. 1990-களில் சான்சிபார் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காக்காக்களை ஒழித்தது. நிதி நின்றதும் கூட்டம் திரும்பி வந்தது. 2024-க்குள் 10 லட்சத்தை ஒழிக்க கென்யா இலக்கு வைத்தது. அதற்கான ஆயுதம் ஸ்டார்லிசைட். அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் தீவனம் தின்னும் ஸ்டார்லிங் பறவைகளுக்காக உருவான விஷம் அது.

ஆனால் விஷம் பாதி வேலைதான். திறந்த குப்பை, சிந்திய தீவனம், புதைக்காத செத்த கோழி என்று இரை கிடைக்கிறவரை காக்காவும் வரும். போர்ட்டல் காலத்தில் சுத்தம் செய்யாமல் விட்ட அதே குப்பைதான் இன்றும் அதற்குச் சோறு போடுகிறது.