கார்ல் ஜான்ஸ்கி: இரைச்சலின் திசையறிந்த பொறியியலாளர்

போர்க்கால இரவுகளில் சிற்றலை வானொலியில் செய்தி கேட்பதற்காகக் காதை ஒட்டவைத்துக் காத்திருந்த எம்மவர்களுக்கு இரைச்சல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அவ்வாறானதோர் இரைச்சல் எங்கிருந்து வருகின்றது என்று கண்டறியுமாறு பணிக்கப்பட்ட இளைஞர் ஒருவரே வானியலின் போக்கை மாற்றினார் என்பது பலர் அறியாத விடயமாகும்.

1905 ஒக்டோபர் 22 ஆம் திகதி அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பிறந்த கார்ல் ஜான்ஸ்கி, பேராசிரியர் ஒருவரின் புதல்வர். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்று, 1928 இல் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் இணைந்தார். இளமையிலேயே சிறுநீரக நோய் அவரைப் பீடித்திருந்தது.

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் வானொலி வழியாக நடைபெற்ற தொலைபேசி உரையாடல்களை இரைச்சல் குழப்பிய காலம் அது. நியூஜேர்சியின் ஹோம்டெலில் சுமார் 30 மீற்றர் நீளமான அன்ரெனாத் தொகுதியொன்றை ஜான்ஸ்கி நிறுவினார். ஃபோர்ட் மொடல் ரி காரின் சக்கரங்கள் மீது அது 20 நிமிடங்களுக்கு ஒரு தடவை சுழன்றது. உலோகக் குழாய்களைக் கணக்கிட்ட இடைவெளிகளில் நிறுத்தும்போது, ஒரு திசையிலிருந்து வரும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. ஏனைய திசைகளிலிருந்து வருபவை பெருமளவு நலிந்துவிடுகின்றன. ஆகவே இரைச்சல் உச்சமடையும் கணமே அதன் திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். நிலைக்குத்தாக முனைவாக்கம் பெற்ற அலைகளையே அத்தொகுதி ஏற்றது. மீதியைப் பற்றி அது எதனையும் கூறாது. எனினும் அப்பாதியே போதுமானதாயிற்று.

அருகிலுள்ள இடிமுழக்கம், தொலைவிலுள்ள இடிமுழக்கம் ஆகியவற்றுக்கு அப்பால் மெல்லிய, ஓயாத சீறலொன்றும் பதிவாகியது. முதலில் சூரியனே காரணமெனத் தோன்றியது. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல அதன் திசை சூரியனை விட்டு விலகியது. நாளொன்றுக்கு 4 நிமிடங்கள் முந்தியே உச்சம் வந்தது. விண்மீன்கள் உதிப்பதும் அவ்வாறே. எனவே மூலம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே, தனு இராசியின் பக்கமாக, பால்வீதியின் மையத்தில் உள்ளதென்ற முடிவுக்கு அவர் வந்தார். 1933 மே 5 ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸ் அதனை முதற்பக்கத்தில் வெளியிட்டது.

அதன் பின்னர் நிகழ்ந்ததே எமக்கு வேதனையளிக்கின்றது. தொலைபேசிக் கம்பனிக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. ஜான்ஸ்கி வேறு பணிகளுக்குத் திருப்பப்பட்டார். அவர் தடுக்கப்பட்டார் என்போரும் உளர். அவரது மேலதிகாரியான ஃபிரீஸ் பிற்காலத்தில் அதனை மறுத்தார். யார் சொல்வது சரியாயினும், பொருளாதார மந்தத்தில் தவித்த அன்றைய வானியலாளர்களும் பெருமளவில் முன்வரவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. 1937 இல் குரோட் ரீபர் என்பவரே சொந்தச் செலவில், தமது வீட்டு வளவில் கிண்ண வடிவ அன்ரெனாவை அமைத்து அப்பணியைத் தொடர்ந்தார்.

1950 பெப்ரவரி 14 ஆம் திகதி, 44 ஆவது வயதில் ஜான்ஸ்கி காலமானார். 1973 இல் வானொலிக் கதிர்ப்பின் வலிமையை அளக்கும் அலகுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. அன்ரெனா நின்ற இடமோ மறக்கப்பட்டிருந்தது. அதனைத் தேடிக் கண்டறிந்து 1998 இல் எழுப்பிய நினைவுச்சின்னம், 1932 செப்டெம்பர் 16 ஆம் திகதி மாலை 7.10 மணிக்குச் சீறல் உச்சமடைந்தபோது அன்ரெனா நோக்கிய அதே திசையை நோக்கி நிற்கின்றது.