இரண்டு முறை எழுதப்பட்ட மலைகள்

1942 ஜூன் மாதம். வட ஆபிரிக்கப் பாலைவனச் சண்டையில் பிரித்தானியப் படையின் இளம் அதிகாரி ஒருவர் ஜேர்மனியரிடம் பிடிபட்டார். அவர் பெயர் டபிள்யூ. எச். மரே. வயது 29. பிடித்த தாங்கிப் படை அதிகாரியும் மலையேறுபவர் என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தது. எதிரெதிர்ப் படைகளைச் சேர்ந்த அந்த இருவரும் இருந்த உணவைப் பகிர்ந்துகொண்டு மலைகளைப் பற்றிப் பேசினார்கள். அதன் பிறகு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மரே முள்வேலிக்குள் இருந்தார்.

யுத்தம் அவருடைய வாழ்க்கைக்குள் வந்தது அது முதல் தடவையல்ல. 1913 இல் லிவர்பூலில் ஸ்கொட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். இரண்டு வயதிலேயே தகப்பனை கலிப்பொலிப் போர்முனையில் இழந்தார். தாய் பிள்ளைகளுடன் கிளாஸ்கோவுக்குத் திரும்பினார். மரே அங்கே படித்து, வங்கி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். மலை பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஒருவர் தன் மலைப்பயணத்தை விவரித்ததைத் தற்செயலாகக் கேட்டதுதான் தொடக்கம். இருபதுகளின் ஆரம்பத்தில், அனுபவம் எதுவும் இல்லாமல், ஆரொக்கர் கிராமத்துக்கு மேலே நிற்கும் கொப்ளர் மலைக்குப் போனார். அதுவே அவருடைய முதல் மலை.

அதே கொப்ளருக்கு வரும் ஓகஸ்டில் ஒரு நாள் நடந்து போய்வர நான் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கிளாஸ்கோவிலிருந்து ஆரொக்கருக்கு ரயிலில் ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகாது. நடை கடல் மட்டத்தில் தொடங்கும். உச்சி 884 மீற்றர். போக வர ஏறத்தாழ 11 கிலோமீற்றர். நேரத்தைக் கணக்கிட நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892 இல் சொன்ன முறை இன்றும் உதவுகிறது. இன்றைய அளவுகளில் அது 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொரு மணித்தியாலம் என்று வரும். அப்படிப் பார்த்தால் மூன்றே முக்கால் மணித்தியாலம். சாப்பிடவும் மூச்சு வாங்கவும் சேர்த்து நான் ஆறு மணித்தியாலம் என்று எழுதிக்கொண்டேன்.

சரிவெங்கும் ஹெதர் என்னும் குட்டைப் பற்றை. ஓகஸ்டில் ஊதா நிறமாகப் பூத்துக் கிடக்கும். பார்க்க அழகு, ஆனால் பாதையை விட்டு அதற்குள் கால் வைத்தால் அடியில் இருப்பது கல்லா, குழியா, சேறா என்று தெரியாது. அதனால் பாதையை விடக்கூடாது. கீழே வெயிலடித்தாலும் உச்சியில் ஐந்தாறு பாகை குளிர் கூடுதலாக இருக்கும். மழைச்சட்டை, கம்பளிச்சட்டை, கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் சப்பாத்து, வரைபடம், திசைகாட்டி, தண்ணீர் எல்லாம் வேண்டும். நடு உச்சிப் பாறையில் ஏற ஒரு துளைக்குள் புகுந்து ஒடுங்கிய விளிம்பில் நடக்க வேண்டும். நான் அதன் அடியிலேயே நின்றுவிடுவேன். எந்த வழியால் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதையும் வீட்டில் எழுதி வைக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை எழுதும்போது மரேதான் நினைவில் நிற்கிறார். சிறைமுகாமில் அவரிடம் வரைபடம் இல்லை, சப்பாத்து இல்லை, திரும்பும் நேரமும் இல்லை. இத்தாலியின் கியெத்தி முகாமில் அவர் தான் ஏறிய ஸ்கொட்லாந்து மலைகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். அதற்குக் கிடைத்தது கழிப்பறைக் கடதாசி. எந்த இடத்தில் பனி இறுகியிருந்தது, எந்தத் திருப்பத்தில் இருட்டியது, கூட வந்தவர் என்ன செய்தார் என்று நாள் நாளாக நினைவிலிருந்து எடுத்து எழுதினார்.

பின்னர் கெஸ்டாப்போ அந்தத் தாள்களைக் கண்டுபிடித்தது. எழுதியது முழுவதும் அழிந்தது. கூட இருந்த கைதிகள் அதோடு விட்டுவிடுவார் என்றே நினைத்தார்கள். அவரோ முதல் வரியிலிருந்து மீண்டும் தொடங்கினார். அப்போது முகாமில் உணவு மிகக் குறைவு. உடல் மெலிந்து, இனி ஒருநாளும் மலையேறப் போவதில்லை என்று அவரே நம்பியிருந்தார். இரண்டாவது பிரதியும் பறிபோகலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

என்னை நிறுத்திவைப்பது இந்த இடம்தான். விடுதலை வரும் என்ற நம்பிக்கையில் அவர் எழுதினார் என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த நாட்களில் அவருக்கு எதிர்காலம் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கவில்லை. நடந்த நாட்கள் நடந்தவைதான், அவற்றை யாரும் நடக்காதவை ஆக்க முடியாது என்பதற்காகவே அவர் எழுதினார் என்று எனக்குப் படுகிறது. கடிதம், படம், புத்தகம் என்று கையிலிருந்ததை எல்லாம் விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1945 ஏப்ரலில் ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் முகாமிலிருந்து மரே விடுதலையானார். நினைத்ததற்கு மாறாக மீண்டும் மலையேறினார். இரண்டாவது பிரதி 1947 இல் புத்தகமாக வந்தது. ஸ்கொட்லாந்து மலையேற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் முதலில் சொல்வது அதைத்தான். 1950 இல் இமயமலைக்கு ஒரு ஸ்கொட்லாந்துக் குழுவை அழைத்துப் போனார். 1951 இல் எரிக் ஷிப்டன் தலைமையில் எவரெஸ்டுக்கு வழி தேடிப் போன குழுவிலும் இருந்தார். வயது ஏறியபோது மலைகளைக் காப்பது அவருடைய வேலையாயிற்று. ஸ்கொட்லாந்துத் தேசிய அறக்கட்டளைக்காக மேட்டுநிலங்களை ஆய்வு செய்து, எந்த இடங்கள் கெடாமல் இருக்க வேண்டும் என்று 1962 இல் எழுதிக் கொடுத்தார்.

83 ஆவது பிறந்தநாளுக்கு அடுத்த நாள், 1996 மார்ச் 19 இல் அவர் காலமானார். அவருடைய புத்தகத்தில் பசியைத் தேடினால் கிடைக்காது. அதில் இருப்பவை பனியும் பாறையும் நண்பர்களும், பொழுது சாயுமுன் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரமும்தான்.