பால் சொன்ன உண்மை: ஆலிஸ் ஈவான்ஸ்

கிருமியைப் பற்றி ஒரு இன்ஜினியர் எழுத வந்ததற்கு நண்பர்கள் மன்னிக்கணும். இந்தம்மா கதை படிச்சதிலிருந்து சொல்லாமல் இருக்க முடியலை.

1881-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர் ஆலிஸ் ஈவான்ஸ். பள்ளி ஆசிரியையாக இருந்து, பின்னர் பாக்டீரியாவியல் படித்து, அரசின் பால் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். டாக்டர் பட்டம் கிடையாது.

மனிதருக்கு வரும் மால்டா காய்ச்சலின் கிருமியை 1887-ல் கண்டவர் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ். மாடுகளுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் கிருமியை 1897-ல் கண்டவர் டென்மார்க் கால்நடை மருத்துவர் பெர்னார்டு பேங். ஒன்று உருண்டை, மற்றது குச்சி என்று எழுதி வைத்துவிட்டார்கள். (நம்ம சிவில்காரரும் எலக்ட்ரிகல்காரரும் ஒரே கட்டடத்துக்குத் தனித்தனியா டிராயிங் போடுற கதைதான்!) ஈவான்ஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட ஒன்றேதான். பச்சைப் பால் வழியாக மனிதருக்கும் நோய் வரலாம் என்று 1918-ல் எழுதினார்.

யாரும் லேசில் நம்பலை. தியோபால்டு ஸ்மித் போன்ற பெரிய விஞ்ஞானியே சந்தேகப்பட்டார். 1922-ல் ஆய்வுக்கூடத்தில் அதே கிருமி ஈவான்ஸையே தொற்றியது. விட்டுவிட்டு வந்த காய்ச்சல் பல வருஷம் படுத்தியது. வெறும் நரம்புத் தளர்ச்சி என்று ஒதுக்கிய டாக்டர்களும் உண்டு.

மற்றவர்களின் ஆய்வுகளும் அவர் சொன்னதையே காட்டின. 1928-ல் அமெரிக்க பாக்டீரியாவியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1975-ல் 94 வயதில் காலமானார். அதற்குள் அவர் நாட்டில் பாலைப் பாஸ்சரைஸ் செய்வது சாதாரண வழக்கமாகியிருந்தது.